எப்பவோ முடிந்த காரியமா? லொஸ்ட் தொடரில் விதியும் மனித விருப்பமும்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு தம்பி, விமானம் விழுந்து மர்மத் தீவொன்றில் அகப்பட்டவர்களின் கதையான லொஸ்ட் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைப் பற்றிக் கேட்டிருந்தார்: "லொஸ்ட் தொடரின் 6 சீசன்களையும் பார்த்து முடித்துவிட்டேன். கடைசியில் எல்லாம் முன்கூட்டியே எழுதப்பட்டது என்றுதானே வருகிறது? யார் என்ன செய்தாலும் எதுவும் மாறவில்லை. அப்படியென்றால் அந்தச் சனம் பட்ட பாடெல்லாம் எதற்கு? சைவ சித்தாந்தம் படித்தவர் நீங்கள், என்ன நினைக்கிறீர்கள்?"

தம்பி, உங்கள் கேள்வியை வாசித்ததும் எனக்கு நல்லூர்த் தேரடிதான் ஞாபகத்துக்கு வந்தது. அந்தத் தேரடியில் விசரர் போலத் திரிந்த செல்லப்பா சுவாமியின் வாயில் திரும்பத் திரும்ப வந்த நான்கு வாக்கியங்களை, அவருடைய சீடர் யோகர் சுவாமி (1872–1964) கொழும்புத்துறைக் கொட்டிலில் இருந்துகொண்டு தன்னைத் தேடி வந்தவர்களுக்கெல்லாம் சொன்னார். ஒரு பொல்லாப்புமில்லை. எப்பவோ முடிந்த காரியம். நாமறியோம். முழுதும் உண்மை. யாழ்ப்பாணத்தில் இந்த நாலு வரியும் தெரியாத வீடு குறைவு. எங்கள் வீட்டில் சுவாமி அறைக் கதவுக்கு மேலே தொங்கியது.

லொஸ்ட் தொடரின் 5ஆம் சீசனில் 11ஆவது பகுதியின் தலைப்பைத் தமிழில் சொன்னால் "நடந்தது நடந்ததுதான்" என்று வரும். அதை முதலில் பார்த்தபோது, இது எங்கள் வீட்டுக் கதவுக்கு மேலே இருந்த இரண்டாவது வரிதானே என்று நினைத்தேன். நீங்களும் அந்த இரண்டாவது வரியில் வந்து நின்றுவிட்டீர்கள். என் பதில் மூன்றாவது வரியைப் பற்றியது.

நான் இந்தத் தொடரை மிகவும் பிந்தித்தான் பார்த்தேன். 2006 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை மூடப்பட்ட பிறகு, அமெரிக்காவில் இதன் 3ஆம் சீசன் ஓடிக்கொண்டிருந்த மாதங்களில், இங்கே எங்களுக்குச் சீனிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நிற்பதே வேலையாக இருந்தது. பாதை திறந்த பின் மருமகன் ஒருவன் கொழும்பிலிருந்து வரும்போது முழுத் தொடரையும் கொண்டுவந்து தந்தான். ஒரு மழைக்காலம் முழுக்க இருந்து பார்த்தேன். பிறகு இரண்டு தரம் பார்த்திருக்கிறேன். ஆகவே உங்கள் முடிவை ஏற்காமல் இருப்பதற்கு எனக்குக் கொஞ்சம் காரணம் இருக்கிறது.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். "விதி" என்று நீங்கள் சொல்லும் அந்த ஒரு சொல்லுக்குள் தொடரில் மூன்று வேறு சங்கதிகள் கிடக்கின்றன. ஒன்று, காலத்தில் பின்னோக்கிப் போனாலும் நடந்து முடிந்ததை மாற்ற முடியாது என்பது. இது எப்பவோ முடிந்த காரியம். இரண்டாவது, நீ விலக்கினாலும் உலகம் வேறு வழியால் வந்து தன் கணக்கைத் தீர்க்கும் என்பது. வள்ளுவர் ஊழ் அதிகாரத்தில் "ஊழிற் பெருவலி யாவுள மற்றொன்று சூழினுந் தான்முந் துறும்" என்று சொன்னது இதைத்தான். நீ என்ன உபாயம் தேடினாலும் அது உனக்கு முன்னாலே போய் நிற்கும். மூன்றாவது, தீவைக் காக்கும் ஜேக்கப் என்ற மனிதன் ஆட்களைச் சிறுவயதிலிருந்தே தேடிப்போய்த் தொட்டுத் தள்ளித் தீவுக்கு இழுத்து வருவது. அப்பர் சுவாமிகள் "ஆட்டுவித்தால் ஆரொருவர் ஆடாதாரே" என்று பாடினாரே, அந்த வகை. ஆனால் ஆட்டுவிப்பவன் இங்கே கடவுள் இல்லை, பிழைவிடக்கூடிய ஒரு மனிதன்.

இந்த மூன்றையும் ஒன்றாகப் பிசைந்தால் "ஒன்றும் மாறவில்லை" என்றுதான் தோன்றும்.

முதலாவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. விமானத்தில் வந்தவர்களில் ஒருவனான சாயிட், காலத்தில் பின்னோக்கி 1977க்குப் போய்ச் சேர்ந்த இடத்தில், பிற்காலத்தில் இத்தனை பேரைக் கொல்லப்போகும் பென்னைச் சிறுவனாகக் காண்கிறான். சுடுகிறான். கூட வந்த டொக்டர் ஜக் அந்தப் பிள்ளைக்குச் சத்திரசிகிச்சை செய்ய மறுக்கிறான். வேறு வழியில்லாமல், கூட வந்த கேட் என்ற பெண்ணும் சோயர் என்பவனும் பிள்ளையைத் தீவின் பழைய ஆட்களிடம் கொண்டுபோய்க் கொடுக்க, அவர்கள் பிழைக்க வைக்கிறார்கள். ஆனால் இனி அவன் பழைய பிள்ளையாக இருக்கமாட்டான் என்று சொல்லித்தான் வாங்குகிறார்கள். பென்னைத் தடுக்கப்போன சூடுதான் பென்னை உருவாக்கியது. எங்கள் கம்சன் கதை இதேதான். அசரீரி சொன்னதைக் கேட்டுத் தங்கையைச் சிறையில் போட்டிருக்காவிட்டால் கண்ணன் கோகுலத்தில் வளர்ந்திருக்கவே மாட்டான். ஆனால் கவனியுங்கள், சாயிட் சுட்டதும் ஜக் மறுத்ததும் அவரவர் மனம் அறிந்து செய்தவை. ஒருவரும் அவர்களுடைய கையைப் பிடித்துச் செய்விக்கவில்லை. முடிவு பழையபடி இருப்பதால் செய்தவனுடைய பொறுப்பு இல்லாமல் போய்விடாது.

இந்தத் தொடரின் உயிர் எனக்கு டெஸ்மண்டின் கதையில் இருக்கிறது. அதை நிதானமாகச் சொல்லவேண்டும்.

விமானம் விழ முன்பே தீவில் அகப்பட்ட டெஸ்மண்ட், நிலத்துக்கு அடியில் ஒரு அறையில் மூன்று வருடம் கிடக்கிறான். 108 நிமிடத்துக்கு ஒருமுறை 4, 8, 15, 16, 23, 42 என்ற இலக்கங்களைக் கணினியில் அடித்துப் பொத்தானை அமர்த்த வேண்டும். (இந்த ஆறையும் கூட்டினால் 108தான்.) அமர்த்தாவிட்டால் உலகம் அழியும் என்று கூட இருந்த கெல்வின் சொல்லியிருக்கிறான். உண்மையோ பொய்யோ தெரியாது. ஒருநாள் கெல்வின் தன்னை விட்டுவிட்டுப் படகில் தப்பப் பார்க்கிறான் என்று தெரிந்து டெஸ்மண்ட் பின்னால் ஓடுகிறான். இருவரும் அடிபடுகிறார்கள், கெல்வின் பாறையில் விழுந்து சாகிறான். டெஸ்மண்ட் திரும்பி ஓடிவந்து பொத்தானை அமர்த்தும்போது நேரம் கடந்துவிட்டது. அந்தக் கொஞ்ச நேரத்தில் கிளம்பிய காந்த விசைதான் வானத்தில் போன விமானத்தை இழுத்து விழுத்தியது. அன்றைக்குத் திகதி 2004 செப்டெம்பர் 22.

யோசித்துப் பாருங்கள். விமானத்தில் இருந்தவர்களுக்கு அது விதி. அவர்களில் ஒருவனான ஜோன் லொக் அதை விதி என்றே கும்பிட்டான். கீழே அறையில் இருந்தவனுக்கோ, அது தான் கோபத்தில் ஓடிய ஓட்டம், ஒரு பிழை, வாழ்நாள் முழுக்கச் சுமக்கவேண்டிய குற்றம். ஒரே சம்பவம்தான். எந்தக் கதவால் பார்க்கிறோம் என்பதில்தான் பெயர் மாறுகிறது.

அந்த அறையைப் பற்றி இன்னொன்று. பாத்திரங்களுக்கு மெய்யியலாளர்களின் பெயர்களை எழுத்தாளர்கள் சும்மா வைக்கவில்லை. 17ஆம் நூற்றாண்டு ஆங்கில மெய்யியலாளர் ஜோன் லொக் ஓர் உதாரணம் சொன்னார்: நித்திரையில் இருக்கும் ஒருவனை ஓர் அறைக்குள் தூக்கிக்கொண்டுபோய் விடுகிறார்கள். கண்விழித்தால், அவன் நீண்ட நாளாகப் பார்த்துப் பேச ஆசைப்பட்ட ஆள் அங்கே இருக்கிறார். சந்தோஷமாக அங்கேயே இருந்து கதைக்கிறான். கதவு வெளியே பூட்டியிருப்பது அவனுக்குத் தெரியாது. விரும்பித்தான் இருக்கிறான், ஆனால் சுதந்திரமாக இருக்கிறானா? இல்லை என்றார் அந்த லொக். அதே பெயர் கொண்ட தொடரின் லொக், பூட்டிய தீவில் விரும்பி இருப்பவன். டெஸ்மண்டின் குடும்பப் பெயரோ ஹியூம். டேவிட் ஹியூம், எல்லாம் காரண காரியமாகத்தான் நடக்கிறது என்பதும் மனிதனுக்குச் சுதந்திரம் உண்டு என்பதும் ஒன்றோடொன்று சண்டைபிடிக்கத் தேவையில்லை என்று வாதாடியவர். தன் மனம் தீர்மானித்தபடி செய்யவும் செய்யாமல் விடவும் முடிந்தால் அதுவே சுதந்திரம் என்றார். லொக்கும் ஹியூமும் அந்தப் பொத்தானுக்குப் பக்கத்தில் நின்று அடிபடும் இடம்தான் 2ஆம் சீசனின் கடைசி.

அங்கேயே இன்னொரு காட்சி வருகிறது. அதைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் என் நெஞ்சு அடைக்கும். முதல் சீசனில் லொக் நம்பிக்கை இழந்து இரவில் அந்த அறையின் நிலக்கதவில் ஓங்கி அடித்து அழுகிறான். உள்ளே திடீரென்று வெளிச்சம் எரிகிறது. அதைத் தெய்வச் செயலாக எடுக்கிறான். ஒரு சீசனுக்குப் பிறகுதான் தெரிகிறது, அந்த இரவில் உள்ளே டெஸ்மண்ட் தன் உயிரை முடிக்கும் தறுவாயில் இருந்தான் என்றும், மேலே யாரோ அடிக்கிற சத்தம் கேட்டுத்தான் விளக்கைப் போட்டு உயிர் தப்பினான் என்றும். கடவுள் தனக்குப் பதில் சொன்னார் என்று ஒருவன் நினைத்தான். தனக்கு மனிதத் துணை வந்தது என்று மற்றவன் நினைத்தான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் அறியவில்லை. "நாமறியோம்" என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல உரை நான் எங்கும் வாசிக்கவில்லை.

சரி, இப்போது சிவப்புச் சப்பாத்துக்காரனுக்கு வருவோம். 3ஆம் சீசனின் 8ஆவது பகுதியில் டெஸ்மண்டின் நினைவு 1996 லண்டனுக்குப் போகிறது. காதலிக்கு மோதிரம் வாங்கப் போன கடையில் ஒரு முதிய பெண், திருமதி ஹோக்கிங், நீ அதை வாங்கமாட்டாய் என்கிறார். வெளியே கூட்டிப்போய், தெருவில் போகும் சிவப்புச் சப்பாத்துப் போட்ட ஒருவனைக் காட்டுகிறார். சிறிது நேரத்தில் கட்டடச் சாரம் சரிந்து அவன் மேல் விழுகிறது. தெரிந்தும் ஏன் எச்சரிக்கவில்லை என்று டெஸ்மண்ட் கேட்க, இன்று காப்பாற்றினால் நாளைக்கு ராக்ஸி அடிக்கும், அதிலும் தப்பினால் குளியலறையில் வழுக்கி விழுவான், பிரபஞ்சம் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் என்கிறார்.

உங்கள் வாதத்துக்கு இதுதான் பெரிய ஆதாரம் என்று நினைக்கிறேன். ஆனால் இந்த வார்த்தையைச் சொல்பவர் யார் என்று பாருங்கள். 5ஆம் சீசனில் தெரிய வருகிறது: இவர் விஞ்ஞானி டானியல் பரடேயின் தாய். 1977இல், தன் வயிற்றில் டானியலைச் சுமந்துகொண்டிருந்த நேரத்தில், எதிர்காலத்திலிருந்து வந்த வளர்ந்த டானியலை யாரென்று அறியாமல் சுட்டுக் கொன்றவர். பிறகு அவனைப் பெற்று வளர்த்து, பியானோவில் ஆசையாக இருந்த பிள்ளையை அதிலிருந்து விலக்கி, படி படி என்று தள்ளி, எல்லாம் தெரிந்துகொண்டே தீவுக்கு அனுப்பியவர். அப்படிப்பட்ட ஒரு தாய்க்கு "மாற்ற முடியாது" என்பது உலகத்தின் சட்டமாக இருந்தே தீரவேண்டும். மாற்ற முடியும் என்று ஒரு நிமிடம் நம்பினாலும் அந்த மனுசி உயிரோடு இருக்க முடியாது. ஆகவே அவருடைய வாயிலிருந்து வந்ததை நான் தொடரின் தீர்ப்பாக எடுக்கவில்லை. தாங்க முடியாத ஒன்றைத் தாங்கிக்கொண்டிருப்பவரின் பேச்சாக எடுக்கிறேன்.

தொடரே இதற்கு ஒரு சான்று வைத்திருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. விமானத்தில் வந்த சார்லியின் சாவு டெஸ்மண்டுக்கு முன்கூட்டியே தெரிகிறது. மின்னல், கடல், அம்பு என்று ஒவ்வொரு தடவையும் காப்பாற்றுகிறான். கடைசியாக ஒரு காட்சி தெரிகிறது: சார்லி கடலடி நிலையத்துக்குப் போய் ஒரு பொத்தானை அமர்த்திவிட்டு மூழ்கிச் சாகிறான், அதனால் அவன் நேசிக்கும் கிளேயரும் அவளுடைய குழந்தையும் ஹெலிகொப்டரில் ஏறிப்போகிறார்கள். அதைக் கேட்ட சார்லி, உனக்குப் பதிலாக நான் போகிறேன் என்ற டெஸ்மண்டைத் துடுப்பால் அடித்து மயக்கிவிட்டுத் தானே குதிக்கிறான். அங்கே வெளித் தொடர்பை மறிக்கும் கருவியை நிறுத்துவதற்கான இரகசிய இலக்கம் ஒரு பாட்டின் சுரங்களாக இருக்கிறது. பாட்டுக்காரனான அவனால் அதை அடிக்க முடிகிறது. குண்டு வெடித்துத் தண்ணீர் பாய்ந்து வரும்போது உள்ளே நின்றபடியே கதவைப் பூட்டுகிறான். உள்ளங்கையில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டுகிறான், வந்திருப்பது டெஸ்மண்டின் காதலி பெனியின் கப்பல் இல்லை என்று. வெளியே வந்து பூட்டியிருக்கலாமே என்று இரசிகர்கள் இன்னும் அடிபடுகிறார்கள். அடிபட இடமிருக்கிறது என்பதே எனக்குப் போதும்.

ஆனால் பிறகு நடந்தது என்ன? ஹெலிகொப்டரில் குழந்தையோடு ஏறிப் போனது கேட். கிளேயர் போகவில்லை. டெஸ்மண்ட் கண்ட காட்சி அப்படியே பலிக்கவில்லை. சார்லி போனது பிழையாகிவிட்டதா? இல்லை. தன் சாவை ஓர் ஆளுக்காகக் கொடுக்கிறேன் என்று தீர்மானித்தானே, அந்தத் தீர்மானத்தை எந்தக் காட்சியும் அவனுக்கு எழுதித் தரவில்லை. விதியாக வந்ததை அவன் காணிக்கையாக மாற்றினான்.

சைவ சித்தாந்தம் இந்த இடத்துக்கு நல்ல சொற்கள் வைத்திருக்கிறது. பள்ளிக்கூடச் சமயப் பாடத்தில் மனப்பாடம் செய்து மறந்திருப்பீர்கள்: சஞ்சிதம், பிராரத்துவம், ஆகாமியம். குவிந்து கிடக்கும் பழைய வினை சஞ்சிதம். அதில் இந்தப் பிறவிக்கென்று அளந்து எடுத்து வந்தது பிராரத்துவம், அதைப் புசித்துத்தான் தீர்க்க வேண்டும். ஆனால் புசிக்கும்போது நாம் புதிதாகச் செய்வது ஆகாமியம். எல்லாம் விதி என்று சொல்பவர்கள் ஆகாமியம் என்ற மூன்றாவது சொல்லை விட்டுவிடுகிறார்கள். சார்லிக்குக் கடல் பிராரத்துவம். துடுப்பால் அடித்ததும் கதவைப் பூட்டியதும் ஆகாமியம். இன்னொன்றும் சித்தாந்தம் சொல்லும்: வினை சடம். அறிவில்லாதது. தானாக வந்து ஆளைத் தேடிப் பிடிக்கும் வல்லமை அதற்கு இல்லை, சேர்த்து வைக்க ஒரு அறிவுடையவன் வேண்டும். திருமதி ஹோக்கிங் சொன்ன, தானே திருத்திக்கொள்ளும் பிரபஞ்சத்தைச் சித்தாந்தி ஏற்கமாட்டான். அதோடு நாங்கள் மார்க்கண்டேயரைக் கும்பிடுகிற ஆட்கள். பதினாறு வயது என்று எழுதியிருந்ததைத் திருக்கடவூரில் காலனைக் காலால் உதைத்து அழித்த கதையைத் தேவாரம் எத்தனை இடத்தில் பாடுகிறது! கம்சன் கதையும் மார்க்கண்டேயர் கதையும் ஒரே வீட்டில் சொல்லப்படுகின்றன. வள்ளுவரும் ஊழுக்கு ஓர் அதிகாரம் எழுதிவிட்டு, அப்புறம் ஆள்வினையுடைமையில் "ஊழையும் உப்பக்கம் காண்பர்" என்கிறார். அயராமல் முயல்பவர் ஊழையே புறமுதுகு காட்ட வைப்பார்களாம். நான் இதை முரண்பாடாகப் பார்க்கவில்லை. ஒன்று பின்னால் திரும்பிப் பார்க்கும்போது சொல்வது, மற்றது முன்னால் பார்க்கும்போது சொல்வது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் சின்னம்மாவிடம் கற்றேன்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, சண்டை நெருங்க, யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்க எழும்பி நடந்தபோது, நாங்களும் சின்னம்மா குடும்பமும் ஒன்றாகத்தான் செம்மணி வீதியால் போய் நாவற்குழிப் பாலம் கடந்தோம். தென்மராட்சியில் ஒரே கொட்டிலில் இருந்தோம். 1996 ஏப்ரலில் தென்மராட்சிக்கும் இராணுவம் வந்தபோது எந்தப் பக்கம் போவது என்று தீர்மானிக்க வேண்டியிருந்தது. அம்மாவுக்குக் காய்ச்சல். அதனால் நாங்கள் நின்றோம், பிறகு வீடு திரும்பினோம். சின்னம்மா குடும்பம் கிளாலியால் வன்னிக்குப் போனது. 2009இல் அவர் திரும்பி வந்தபோது மூத்த மகன் இல்லை.

"எழுத்து" என்பார் சின்னம்மா. அவ்வளவுதான். அன்றைக்கு உங்களோடை நின்றிருந்தால் என்று ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லத் தொடங்கினால் அந்த யோசனைக்கு அடியே இல்லை என்று அவருக்குத் தெரியும். ஒரு காய்ச்சல் எங்களைக் காப்பாற்றியது என்று நினைக்கும்போது எனக்கே தலை சுற்றும். ஆனால் அதே சின்னம்மா, பேத்திக்கு சாதாரண தரப் பரீட்சை வந்த வருடம் விடிய நாலு மணிக்கு எழும்பித் தேத்தண்ணி போட்டு, பிள்ளையை உலுப்பி எழுப்பிப் பக்கத்தில் இருந்தார். ஒருநாள் அந்தப் பிள்ளை சலித்துப்போய், "விதிச்சது எதுவோ அதுதான் வரும் அம்மம்மா" என்று சொன்னது. "அந்தக் கதை என்னட்டை வேண்டாம், புத்தகத்தை எடு" என்றார். நான் அந்த விறாந்தையில் இருந்தேன். நடந்ததற்கு விதி என்ற சொல்லை வைத்திருந்த மனுசி, நடக்கப்போவதற்கு அந்தச் சொல்லைக் கிட்டவும் விடவில்லை.

நாங்கள் எல்லோரும் அப்படி இல்லை என்பதும் உண்மை. கல்யாணம் என்று வந்தால் குறிப்புப் பார்க்கிறோம். செவ்வாய்க் குற்றம் என்ற ஒரு வரியால் எத்தனை பெண் பிள்ளைகள் வயது போகக் காத்திருக்கிறார்கள் என்பது எங்கள் ஊர்களில் எல்லோருக்கும் தெரியும். விதியை முன்னால் திருப்பிப் பிடித்தால் வரும் கேடு அது. ஆனாலும் அதே வீட்டார் சனிக்கு எள்ளெண்ணெய் எரிக்கிறார்கள், பரிகாரம் கேட்கிறார்கள். எழுதினது எழுதினபடியேதான் என்றால் பரிகாரம் எதற்கு? வாக்கிய பஞ்சாங்கம் ஒரு நாள் சொல்ல, திருக்கணிதம் வேறு நாள் சொல்ல, இரண்டையும் வைத்துக்கொண்டு நல்ல நேரம் தேடுகிறோமே. மனசின் அடியில் ஒருவரும் கதவு முழுக்கப் பூட்டியிருப்பதாக நம்பவில்லை.

விதியை முன்னால் பிடிப்பதன் கேட்டை லொக்கின் கதை போல யாரும் காட்டவில்லை. தகப்பனே எட்டாவது மாடியிலிருந்து தள்ளி விழுத்தி, சக்கர நாற்காலியில் இருந்த மனிதன், தீவில் விழுந்ததும் எழும்பி நடக்கிறான். தனக்கென்று ஒரு பெரிய காரியம் எழுதப்பட்டிருக்கிறது என்று நம்புகிறான். மற்றவர்களைத் திரும்பக் கூட்டிவர நீ சாகவேண்டும் என்று அவனுக்குச் சொல்லப்படுகிறது. நம்பிப் போகிறான், சாகிறான். அந்தச் செய்தியை அனுப்பியது யார்? அவன் செத்த பிறகு அவனுடைய உருவத்தில் நடமாடும், ஜேக்கப்பின் எதிரி. காலத்தின் ஒரு முடிச்சைப் பயன்படுத்தி, அவனுடைய விதி என்று அவனுக்கே சொல்லி அனுப்பிய பொய். லொக்கின் கடைசி எண்ணம் "எனக்கு விளங்கவில்லை" என்பது என்று அந்த எதிரியே பிறகு சொல்கிறான். உனக்கு இது எழுதியிருக்கிறது என்று ஒருவர் வந்து சொன்னால், சொல்பவருக்கு அதில் என்ன கிடைக்கிறது என்று கேட்கத் தெரியவேண்டும். லொக் கேட்கவில்லை.

6ஆம் சீசனைப் பற்றி உங்களைப் போல எனக்கும் குறை இருக்கிறது. பக்கவாட்டில் ஓடிய அந்த இன்னொரு வாழ்க்கை, இறப்புக்குப் பிந்திய இடம் என்று முடிந்தது எனக்கு உவப்பாக இல்லை. 5ஆம் சீசனின் கடைசியில், நடந்ததை மாற்றுவதற்காக அவர்கள் 1977இல் வெடிக்க வைக்கும் அணுகுண்டு வெடித்தால் எல்லாம் அழிந்து புதிதாகத் தொடங்குமா என்ற கேள்வியை அது நழுவவிட்டது. தடுக்கப் பார்த்த அந்தப் பழைய விபத்தே இந்தக் குண்டு வெடிப்பாக இருந்தால் என்று கூட இருந்த மைல்ஸ் கேட்ட கேள்விதான் அங்கே நேர்மையானது. ஆனால் அந்த சீசனில் ஒரு நெருப்படிக் காட்சி இருக்கிறது, கடைசிக்கு முந்திய பகுதியில். அதை நீங்கள் திரும்பப் பார்க்கவேண்டும்.

ஜேக்கப் நாலு பேரை நெருப்பைச் சுற்றி இருத்தி, உங்களில் ஒருவர் தீவைப் பொறுப்பெடுக்க வேண்டும் என்கிறான். குகைச் சுவரில் அவர்களுடைய பெயர்கள் எழுதியிருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் இலக்கம்: லொக் 4, ஜக்குக்கு 23, இப்படி. அந்த மர்ம இலக்கங்கள் இதுதான். கேட்டின் பெயர் வெட்டியிருக்கிறது. ஏன் என்று கேட்கிறாள். நீ ஒரு தாயாகிவிட்டாய் என்கிறான் ஜேக்கப். உடனே சேர்த்துச் சொல்கிறான், அது குகையில் ஒரு சோக்குக் கோடுதான், உனக்கு வேண்டுமென்றால் வேலை உன்னுடையது. எனக்குக் கிடைக்காத ஒன்றை, தெரிவு செய்யும் உரிமையை, உங்களுக்குத் தர விரும்புகிறேன் என்கிறான். 6 சீசனாக எங்களைப் பயமுறுத்திய எழுத்து வெறும் சோக்குக் கோடு! தலையெழுத்து என்று நாங்கள் சொல்லும் சொல்லை இத்தனை இலகுவாக யாரும் அழித்ததில்லை. ஒருவரும் வாய் திறக்காமல் இருக்க, ஜக் எழும்பி, நான் செய்கிறேன் என்கிறான். முதல் சீசனில் விதி என்ற சொல்லைக் கேட்டாலே எரிந்து விழுந்த ஜக்.

அவன் விதியை நம்பத் தொடங்கிவிட்டான், ஆகவே விதி வென்றது என்று நீங்கள் எழுதியிருந்தால் விளங்கிக்கொள்வேன். நான் அதை வேறு மாதிரிப் பார்க்கிறேன். முதல் காட்சியில் மூங்கில் காட்டுக்குள் கண் திறந்தவன் கடைசிக் காட்சியில் அதே மூங்கில் காட்டில் கண் மூடுகிறான். இடம் மாறவில்லை. வந்து விழுந்தது அவன் கேட்டு வந்ததில்லை. திரும்பி வந்து படுத்தது அவன் தெரிந்தெடுத்தது. விழுந்த நாளைத் திரும்பிப் பார்த்து எப்பவோ முடிந்த காரியம் என்று சொல்ல அவனால் முடிந்ததும், அடுத்த நாளைப் பற்றி நாமறியோம் என்று ஏற்க முடிந்ததும் ஒரே நேரத்தில் நடந்தன.

ஜக் இறப்பதற்கு முன் பொறுப்பை, கூட விமானத்தில் வந்த ஹேர்லியிடம் கொடுக்கிறான். ஹேர்லி பயந்துபோய் இருக்கிறான், என்ன செய்வதென்று தெரியாது. பக்கத்தில் பென், அத்தனை கொலை செய்த அதே பென். உனக்கு நன்றாகத் தெரிந்ததைச் செய், ஆட்களைப் பார்த்துக்கொள், முதலில் டெஸ்மண்டை வீட்டுக்கு அனுப்பப் பார் என்கிறான். தீவை விட்டு ஒருவரும் போக முடியாதே என்கிறான் ஹேர்லி. அது ஜேக்கப் நடத்திய முறை, வேறு வழி இருக்கலாம், இதைவிட நல்ல வழி இருக்கலாம் என்கிறான் பென். நீங்களும் நானும் 6 சீசனாகத் தீவின் விதி என்று நினைத்திருந்தது ஒரு மனிதனுடைய நிர்வாகம். டெஸ்மண்டுக்கு ஒரு மனைவி இருக்கிறாள், மகன் இருக்கிறான். அவனை அனுப்ப ஒரு படகு பார்க்கவேண்டும்.